முகம் பளபள, முதுகு பொலபொல

இந்த வாரம் முழுக்க சமையலறைக் கப்போர்டு. பெயிண்ட் அடிப்பதா, கதவை மட்டும் மாற்றுவதா, அடியோடு பிடுங்குவதா? அத்திப்பட்டில் தொடங்கி கும்மிடிப்பூண்டி வரை ரயில் பாதை நெடுக இதே சண்டைதான் போலிருக்கிறது.

இல்லத்தரசி, அத்திப்பட்டு புதுநகர்

கேள்வி: பன்னிரண்டு வருட ப்ளைவுட் கப்போர்டு. கணவர், "பெயிண்ட் அடிச்சா போதும்" என்கிறார். கொழுந்தனார், "கதவை மட்டும் மாத்துங்க அண்ணி" என்கிறார். ஆசாரி, "மொத்தமா எடுத்துடுங்கம்மா" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: கணவர் தன் பர்ஸைப் பார்த்துச் சொல்கிறார். ஆசாரியும் உங்கள் கணவர் பர்ஸைப் பார்த்துத்தான் சொல்கிறார். கொழுந்தனார் சும்மா சொல்கிறார். மூவரையும் விட்டுவிட்டு கப்போர்டையே கேளுங்கள்.

சிங்க்குக்கு அடியில் இருக்கும் டப்பா, பழைய பேப்பர், பினாயில் பாட்டில் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். டார்ச் அடித்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் அடிப்பலகையையும் பின்பலகையையும் அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கவில்லை, பலகை உப்பவில்லை என்றால் பெட்டி நன்றாக இருக்கிறது. அடுத்து ஒரு கீலின் ஸ்க்ரூவைக் கழற்றித் திரும்ப முடுக்குங்கள். கெட்டியாகப் பிடித்தால் பலகைக்கு இன்னும் உயிர் இருக்கிறது. சுற்றிக்கொண்டே இருந்தாலோ, ஸ்க்ரூவோடு மாவு கொட்டினாலோ பிடிப்பு போய்விட்டது.

பெட்டியும் கதவும் கெட்டி, நிறம்தான் பிடிக்கவில்லையா? பெயிண்ட். பெட்டி கெட்டி, கதவு வளைந்துவிட்டதா, மைக்கா பெயர்ந்துவிட்டதா? கதவை மட்டும் மாற்றுங்கள். பெட்டியே ஊறிவிட்டதா? அந்தப் பெட்டியை எடுத்துவிடுங்கள். "அந்தப் பெட்டியை" என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலும் சிங்க் பெட்டி ஒன்றுதான் கெட்டிருக்கும். அதற்காக அரிசி, பருப்பு வைத்த நல்ல பெட்டிகளையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

எதைச் செய்வதானாலும் ஆசாரிக்கு முன்னால் பிளம்பரைக் கூப்பிடுங்கள். கசிவு நிற்காத வீட்டில் புதுக் கப்போர்டும் பழைய கப்போர்டுதான், கொஞ்சம் தாமதமாக.

ஓய்வுபெற்ற ஊழியர், அத்திப்பட்டு

கேள்வி: 1996-ல் கட்டிய வீடு. மேடைக்குக் கீழே செங்கல் தடுப்பு, கடப்பா கல் தட்டு, மரக்கதவு. எல்லாவற்றையும் இடித்துவிட்டு மாடுலர் கிச்சன் போடலாம் என்கிறான் மகன். இடிக்கலாமா?

பதில்: கடப்பாரையை மகன் கண்ணில் படாமல் வையுங்கள். உங்களிடம் இருப்பது ஆந்திரத்துக் கடப்பா பகுதியின் கருப்புச் சுண்ணாம்புக் கல். தண்ணீரில் உப்பாது, கரையான் தொடாது, சாக்கு நிறைய அரிசி வைத்தாலும் தொங்காது. மாடுலர் கிச்சன் விளம்பரங்கள் இருபது வருட உத்தரவாதம் என்று எதைச் சொல்கின்றனவோ, அதை உங்கள் கல் ஏற்கெனவே தாண்டிவிட்டது.

மாற்ற வேண்டியது முகத்தை மட்டும். ஒவ்வொரு தடுப்பின் வாயையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள்: அகலம் மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு, உயரம் இடது வலது இரண்டும். கொத்தனார் கட்டிய தடுப்பு எதுவும் சரியான சதுரமாக இருக்காது. அதனால் முதலில் ஒரு சட்டம் அடித்து மட்டம் பார்த்து, அதன்மேல் கீல் வைத்துக் கதவு மாட்ட வேண்டும். நேரடியாகச் சுவரில் கீல் அடித்தால் கதவுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்.

மகனுக்கு இழுப்பறைதான் ஆசை என்றால், ஒரே ஒரு தடுப்புக்குள் ப்ளைவுட் பெட்டியைச் செருகி, சேனல் வைத்து இழுப்பறை போட்டுக் கொடுங்கள். ஆசையும் தீரும், கல்லும் பிழைக்கும்.

பக்தர், பொன்னேரி

கேள்வி: அத்திவரதர் 40 வருடம் தண்ணீருக்குள் இருந்துவிட்டு வருகிறார், ஒன்றும் ஆவதில்லை. என் வீட்டு சிங்க் கப்போர்டு நாலு வருடத்தில் நைந்துவிட்டது. மரம் பொய்யா?

பதில்: முதலில், அவரோடு போட்டி வேண்டாம். அத்தி மரத் திருமேனியான அவர் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்தில் இருந்து 1979-க்குப் பிறகு 2019-ல்தான் வெளியே வந்து 48 நாள் தரிசனம் தந்தார்.

அவருடைய மகிமையை விட்டுவிட்டு மரத்தை மட்டும் பேசுவோம். மரத்தை மக்க வைப்பது தண்ணீர் அல்ல, பூஞ்சை. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். முழுக்க மூழ்கிக் கிடக்கும் மரத்துக்குள் போதிய ஆக்ஸிஜன் இல்லாததால் பூஞ்சை பிழைக்க முடியாது. உங்கள் சிங்க்குக்கு அடியிலோ காலையில் ஈரம், மதியம் காய்ச்சல், ராத்திரி மறுபடி ஈரம், காற்றும் தாராளம். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது தலைகாட்டாது. குழாய் இணைப்புக்கு டேப் சுற்றுங்கள், சிங்க் விளிம்பில் சிலிக்கான் பூசுங்கள், ராத்திரி படுக்கும் முன் அந்தக் கதவைத் திறந்து வையுங்கள்.

"அப்படியானால் அத்தி மரத்திலேயே கப்போர்டு செய்யலாமா" என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். அது மென்மையான மரம். குளத்துக்கு வெளியே சீக்கிரம் மக்கிவிடும்.

சினிமா ரசிகர், திருவொற்றியூர்

கேள்வி: 2001-ல் வந்த 'சிட்டிசன்' படத்தில் காணாமல் போன ஊர் உங்கள் அத்திப்பட்டுதானே?

பதில்: அது அத்திப்பட்டி; கதையில் காணாமல் போனது. இது அத்திப்பட்டு, புறநகர் ரயில் தினமும் நின்று போகிறது. இங்கே காணாமல் போவது கீல் ஸ்க்ரூ மட்டும்தான்.

தையல் கடைக்காரர், மீஞ்சூர்

கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் கீழ்க் கப்போர்டு ஒன்றரை அடி மூழ்கியது. காய்ந்த பிறகு பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பெயிண்ட் அடித்தால் போதாதா?

பதில்: பார்க்க நன்றாக இருப்பதுதான் சிக்கல். பலகை எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஸ்க்ரூ ஓட்டைக்குள் மரச்சில்லும் தூளும் தெரிந்தால் பார்ட்டிகிள் போர்டு. மாவாக, ஒரே நிறமாக இருந்தால் எம்.டி.எஃப். அடுக்கடுக்காகத் தெரிந்தால் ப்ளைவுட்.

முதல் இரண்டும் தூளையும் நாரையும் பசை போட்டு அழுத்திச் செய்தவை. தண்ணீர் குடித்து உப்பினால் காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. ஸ்கேலை வைத்துப் பலகையின் கனத்தை அளந்து பாருங்கள். மேலே 18 மி.மீ., கீழே 20-க்கு மேல் என்றால் பெயிண்ட் டப்பாவை வாங்காதீர்கள். ப்ளைவுட் என்றால் விரலால் தட்டுங்கள். 'டொப்' என்று பொள்ளல் சத்தம் வரும் இடத்தில் அடுக்கு பிரிந்திருக்கிறது.

எந்தப் பலகையானாலும் பின்பலகையைக் கழற்றிச் சுவரைக் காய வையுங்கள். அந்த வெள்ளத்தில் சாக்கடையும் இருந்தது. எண்ணூர் கழிமுகப் பக்கம் எண்ணெய்க் கழிவும் கலந்தது. அதன்மேல் பெயிண்ட் அடித்தால் நாற்றத்தைப் பூட்டி வைத்ததாகத்தான் ஆகும்.

புதிதாகச் செய்தால் எந்தப் பலகையும் தரையைத் தொடக் கூடாது. பிளாஸ்டிக் காலோ கல் திண்டோ வைத்து அரை அடி உயர்த்துங்கள். அடுத்த வெள்ளம் உங்களைக் கேட்டுக்கொண்டு வராது.

கல்லூரி மாணவி, நந்தியம்பாக்கம்

கேள்வி: மைக்கா ஒட்டிய கதவில் பெயிண்ட் நிற்குமா? வீடியோவில் ஒரே நாளில் முடித்துவிடுகிறார்களே!

பதில்: வீடியோ முடிந்த பிறகு என்ன ஆனது என்று வீடியோ போட மாட்டார்கள். பெயிண்ட் நிற்கும், ஆனால் நீங்கள் வேலை வாங்க வேண்டும்.

கதவில் படிந்திருப்பது பத்து வருடத் தாளிப்பு. பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் கொண்டு இரண்டு முறை கழுவித் துடையுங்கள். காய்ந்ததும் 180 அல்லது 220 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும் அளவுக்கு மட்டும் தேயுங்கள். தூசியைத் துடைத்துவிட்டு, வழவழப்பான பரப்பில் ஒட்டக்கூடிய ப்ரைமர் ஒரு கோட். அதன்மேல் பெயிண்ட் மெல்லிசாக இரண்டு கோட். ஒரே கோட்டில் தடிமனாக அடித்தால் வழியும். தொட்டால் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. எனாமல் முழுக்க இறுக வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நகம், கரண்டி, தம்பி எதுவும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் பிடியைச் சுற்றியும் அடுப்புப் பக்கமும் முதலில் பெயரும். மைக்கா கெட்டியாக ஒட்டியிருந்தால் இன்னொரு வழி உண்டு. பழையதைச் சொரசொரப்பாக்கி அதன்மேலேயே புது மைக்கா ஒட்டிவிடலாம். கனம் 1 மி.மீ. கூடும், கீலைச் சற்றுத் திருகி இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும், அவ்வளவுதான். என் ஓட்டு இதற்கே.

புது மணப்பெண், அனுப்பம்பட்டு

கேள்வி: கப்போர்டுக்குத் தூய வெள்ளை நிறம் அடிக்கலாமா?

பதில்: சாம்பார் வைக்காத வீடென்றால் தாராளமாக.

தபால்காரர், காட்டூர்

கேள்வி: தாத்தா காலத்து மர அலமாரி. ஏழெட்டு கோட் எனாமல் ஏறியிருக்கிறது. உப்புத்தாள் போட்டுச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்க ஆசை.

பதில்: ஆசை சரி, அவசரம் வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1-ல்தான் அமலுக்கு வந்தது. தாத்தா அடித்த பச்சையிலும் மஞ்சளிலும் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். காய்ந்த பெயிண்டைத் தேய்த்தால் அந்தத் தூள் காற்றில் பறக்கும். மூளை வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு அது விஷம். தண்ணீர் தெளித்து, ஈரமாகவே, வாட்டர் பேப்பரால் தேயுங்கள். மாஸ்க் போடுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அன்று வீட்டில் வைக்காதீர்கள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பழைய பெயிண்ட் கெட்டியாக நின்றால் சுரண்டவே வேண்டாம், அதன்மேலேயே அடியுங்கள். அலமாரியை மட்டும் யாருக்கும் விற்றுவிடாதீர்கள். அந்த மரத்தை இன்றைக்கு வாங்க முடியாது.

மீன் வியாபாரி, எண்ணூர்

கேள்வி: இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கீல் துருப்பிடிக்கிறது. கடைக்காரர் காந்தம் வைத்துக் காட்டி, "ஒட்டலை பாருங்க, ஒரிஜினல் எஸ்.எஸ்." என்கிறார்.

பதில்: காந்தம் ஒட்டாததால் மட்டும் அது 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆகிவிடாது. விலை குறைந்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. உப்புக் காற்றில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். கீலில் அல்லது டப்பாவில் 304 என்று பொறித்திருப்பதைக் கேட்டு வாங்குங்கள், பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். ஸ்க்ரூவும் அதே ரகமாக இருக்கட்டும். நல்ல கீலில் இரும்பு ஸ்க்ரூ போட்டால் துரு அங்கிருந்து தொடங்கும். கப்போர்டே பழையது என்று நினைத்த பல வீடுகளில் கீலையும் பிடியையும் மாற்றினாலே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

கணக்குப் பார்ப்பவர், மீஞ்சூர்

கேள்வி: ஒருவர் சதுர அடிக் கணக்கு சொல்கிறார், ஒருவர் ஓட்ட அடிக் கணக்கு சொல்கிறார். எது மலிவு?

பதில்: உங்களுக்குப் புரியாத கணக்கு எதுவோ அது அவருக்கு லாபம். எந்த அடி என்று எழுதி வாங்குங்கள்: முகப்பின் சதுர அடியா, உள்தட்டு, பக்கப்பலகை எல்லாம் சேர்த்தா?

கதவு மட்டும் மாற்றுவதென்றால் நீங்களே கணக்குப் போடலாம். மேடை 10 அடி நீளம், கீழ்ப்பகுதி 2½ அடி உயரம் என்றால் முகப்பு 25 சதுர அடி. 1¼ அடி அகலத்தில் 8 கதவு. ஒரு ப்ளைவுட் ஷீட் 8-க்கு 4, அதாவது 32 சதுர அடி. அதில் இந்த அளவில் 9 கதவு வெட்டலாம். ஆக ஒரு ஷீட் ப்ளை, வெளிப்பக்கத்துக்கு 1 மி.மீ. மைக்கா ஒரு ஷீட், உள்பக்கத்துக்கு மெல்லிய மைக்கா ஒரு ஷீட், 16 கீல், 8 பிடி, ஓரப் பட்டை, பசை, கூலி. இந்தப் பட்டியலோடு பெரியமேடு சைடன்ஹாம்ஸ் சாலைக்கு ஒரு நடை போய் விலை கேட்டுவிட்டு வந்து ஆசாரியிடம் பேசுங்கள். பேச்சின் சுருதியே மாறும்.

உள்பக்க மைக்காவை மிச்சம் பிடிக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய கதவு ஒரு மழைக்காலத்தில் வளைந்துவிடும்.

சந்தேகப் பிராணி, கவரைப்பேட்டை

கேள்வி: எல்லா ப்ளைவுட்டையும் 'மரைன்' என்றே விற்கிறார்கள். எப்படி நம்புவது?

பதில்: வாயை நம்பாதீர்கள், முத்திரையை நம்புங்கள். ஐ.எஸ். 710 என்றால் மரைன் ரகம்; அதன் பசை 72 மணி நேரக் கொதி சோதனையைத் தாங்க வேண்டும். ஐ.எஸ். 303 என்பது பொது உபயோக ரகம். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் சி.எம்./எல். எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உண்மையான உரிமமா என்று தெரிந்துவிடும். சிங்க் பெட்டிக்கு 710 போடுங்கள். டப்பா அடுக்கும் மேல் அலமாரிக்கும் அதுவேதான் வேண்டும் என்று யாராவது சொன்னால், அவர் கப்பல் கட்டுகிறார்.

டீக்கடைக்காரர், அத்திப்பட்டு

கேள்வி: பிவிசி கப்போர்டு மலிவாக இருக்கிறதே?

பதில்: மலிவு, தண்ணீர் ஒன்றும் செய்யாது, கரையான் தொடாது. ஆனால் சூடு ஆகாது, பாரம் ஆகாது, ஸ்க்ரூ பிடிப்பும் குறைவு. சிங்க்குக்கு அடியில் போடுங்கள். அடுப்புக்குப் பக்கத்திலும், கிரைண்டருக்கும் குக்கருக்கும் அடியிலும் வேண்டாம்.

பள்ளி ஆசிரியை, அத்திப்பட்டு புதுநகர்

கேள்வி: ஜன்னலைத் திறந்தால் நிலக்கரித் தூசியும் சாம்பலும். எந்த மாதிரிக் கதவு நல்லது?

பதில்: வட சென்னை, வல்லூர் என இரண்டு அனல்மின் நிலையங்களுக்கு நடுவே குடியிருக்கிறீர்கள். காடி வெட்டிய கதவு, பூ வேலைப்பாடு, கண்ணாடி வழவழப்பு மூன்றும் வேண்டாம். காடியில் தூசி குடியேறும். அதன்மேல் எண்ணெய்ப் புகை படிந்தால் குச்சி வைத்துத்தான் கிளற வேண்டும். சாம்பலில் சிலிக்கா உண்டு. உலர்ந்த துணியால் துடைத்தால் பளபள மைக்காவில் கீறல் விழும். சமதளமான, மங்கலான பூச்சுள்ள மைக்கா வாங்கி, ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள்.

வரலாற்று ஆர்வலர், பொன்னேரி

கேள்வி: இந்த மாடுலர் கிச்சனை முதலில் யார் தொடங்கி வைத்தது?

பதில்: 1926-ல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி, ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக அதன் முன்னோடியை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். சுமார் 10,000 வீடுகளில் போட்டார்கள். மாவுப் பெட்டியை மட்டும், புழு அண்டாது என்று ஓக் மரத்தில் செய்தார். ஈ உட்காராது என்று நம்பி அலமாரிக்கு நீலம் அடித்தார்கள். எந்த இடத்துக்கு எந்தப் பொருள் என்று யோசித்த அந்தப் புத்திதான் மாடுலர். எல்லா இடத்துக்கும் ஒரே பலகையைப் போட்டுவிட்டு அந்தப் பெயரைச் சொல்வது வியாபாரம்.

இளம் தாய், மணலி புதுநகர்

கேள்வி: கேஸ் சிலிண்டரைக் கப்போர்டுக்குள் மறைத்துவிடலாமா? பார்க்க அழகாக இருக்குமே.

பதில்: எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, கீழே தேங்கும். மூடிய பெட்டிக்குள் அது தெரியாமல் சேரும். வைத்தே ஆக வேண்டும் என்றால் கதவின் கீழ்ப்பகுதியில் காற்றுத் துளைகள் கட்டாயம்; ரெகுலேட்டர் கைக்கு எட்ட வேண்டும்; அந்தப் பெட்டிக்குள் ஸ்விட்ச், பிளக் எதுவும் கூடாது. கசிவு வாடை வந்தால் அழைக்க வேண்டிய எண் 1906. அதைக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள்.

வாஸ்து நம்புபவர், கும்மிடிப்பூண்டி

கேள்வி: அடுப்பு அக்னி மூலையில் இருக்கிறது, சிங்க்கும் அதே பக்கம். தோஷமா?

பதில்: சிங்க் கசிந்தால் தோஷம். கசியாவிட்டால் சந்தோஷம்.

சிப்காட் தொழிலாளி, கும்மிடிப்பூண்டி

கேள்வி: வாடகை வீடு. கப்போர்டு பார்க்கச் சகிக்கவில்லை. என் செலவில் மாற்றலாமா?

பதில்: அடுத்த வாடகைக்காரர் உங்களை வாழ்த்துவார், வீட்டு உரிமையாளர் வாடகையை ஏற்றுவார். நன்றாகக் கழுவி, கீலுக்கு எண்ணெய் விட்டு, புதுப் பிடி மாட்டுங்கள். வீட்டை விடும்போது பழைய பிடியைத் திரும்ப மாட்டிவிட்டு உங்களுடையதைக் கழற்றிக்கொண்டு போகலாம். பெட்டி மக்கியிருந்தால் உரிமையாளரிடம் சொல்லுங்கள். அது அவர் வீடு, அவர் செலவு.

பெயர் வேண்டாம் என்ற மருமகள், பொன்னேரி

கேள்வி: "எங்க காலத்துல கப்போர்டே கிடையாது" என்கிறார் மாமியார்.

பதில்: உண்மைதான். அந்தக் காலத்தில் பரண் மேல் ஏறி அண்டா எடுத்தது யார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அவரே உங்கள் கட்சிக்கு வந்துவிடுவார்.

பெண்ணைப் பெற்றவர், நந்தியம்பாக்கம்

கேள்வி: ஐப்பசியில் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் பெயிண்ட் அடித்துவிடலாமா?

பதில்: வடகிழக்குப் பருவமழையில் எனாமல் காயாது. வரும் சம்பந்தியின் பட்டுப்புடவையில் உங்கள் கப்போர்டின் நிறம் போய்விடும். சுத்தமாகத் துடைத்து வையுங்கள், பஜ்ஜியைச் சூடாகக் கொடுங்கள். பெயிண்ட் வேலையை மாசிக்குத் தள்ளிப் போடுங்கள்.

தலைவர், குடியிருப்போர் சங்கம், அத்திப்பட்டு

கேள்வி: போகி வருகிறது. பிடுங்கிய கப்போர்டுகளை எரிக்கப் பலர் காத்திருக்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். ப்ளைவுட்டிலும் மைக்காவிலும் இருப்பது ரசாயனப் பிசின், பிவிசியில் இருப்பது குளோரின். எரித்தால் வருவது நச்சுப் புகை. 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்களே தரையிறங்க முடியாமல் திரும்பின. கெட்டியான பழைய பலகை கடைகளுக்கும் கோழிக் கூண்டுக்கும் தட்டாகும். கீல், பிடி, சேனல் எல்லாம் காயலான் கடைக்குப் போகட்டும். மக்கியதைக் குப்பை வண்டியில் போடுங்கள். அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்குப் பக்கத்தில் வாழும் ஊர் இது. நம் பங்குக்கு இன்னொரு புகையைச் சேர்க்க வேண்டாம்.